பெயருக்காக ஏழு மாதம்: சுங்குவார்சத்திரம் சாம்சங் வேலைநிறுத்தத்தில் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியது

"சார், எங்க கம்பெனி பேரையே சங்கத்துக்கு வெச்சிருக்காங்க, இதை நிறுத்த என்ன வழி?"

ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் ஒருவர் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்த லைனில் ஆரம்பித்தது, எதுவுமே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்கு அப்போது தோன்றவில்லை, பெயர் ஒன்றுதான் அவரைச் சுட்டிருந்தது. நான் அவருக்கு சாம்சங்கில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முடிக்கும்போது மணி பன்னிரண்டு. அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை அதற்கப்புறம் வேறு இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள்.

நடந்தது என்ன

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலை 2007 முதல் இயங்குகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கம்ப்ரசர் எல்லாம் அங்கே தயாராகின்றன. நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 1,800 பேர். பதினாறு பதினேழு வருடம் சங்கம் என்ற பேச்சே இல்லாமல் ஓடிய இடம். 2024 நடுவில் சிஐடியு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் ஆதரவோடு 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' அமைந்தது, பதிவுக்கும் விண்ணப்பித்தார்கள். சங்கப் பெயரில் 'சாம்சங்' இருக்கக் கூடாது என்று நிர்வாகம் எதிர்த்தது. பதிவாளர் அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை. செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போகாமல் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

37 நாள். அந்த 37 நாளில் நிர்வாகம் எடுத்த அடிகளை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதலில் வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற அறிவிப்பு. அடுத்து தொழிற்சாலையைச் சுற்றிப் போராட்டம் கூடாது என்று தடை கேட்டு காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் வழக்கு. ஊர்வலம் கிளம்பியவர்களைக் காவல்துறை பிடித்தது. அக்டோபர் 7 அன்று, போராட்டத்தில் இல்லாத தொழிலாளர்கள் அடங்கிய ஒரு 'தொழிலாளர் குழு'வோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது: மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, குளிர்சாதனப் பேருந்து வழித்தடங்களை 5-லிருந்து 108-ஆக உயர்த்துவது, பணியில் இருக்கும்போது தொழிலாளர் இறந்தால் குடும்பத்துக்கு உடனடியாக 1 லட்சம். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களோடு பேசவில்லை என்று அதை ஏற்கவில்லை. மறுநாளே போலீஸ் நெருக்கடி கூடியது, பந்தல் பிரிக்கப்பட்டது, ஆனாலும் போராட்டம் நிற்கவில்லை. மூன்று அமைச்சர்கள் உட்கார்ந்து பேசி, அக்டோபர் 15 அன்றுதான் முடிவுக்கு வந்தது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர்கள் மீது பழிவாங்கும் நடவடிக்கை இருக்காது, தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்கு நிர்வாகம் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் எழுத்தில் பதில் தரும், இவ்வளவுதான் அன்றைய உடன்பாடு.

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள். 37 நாள் உற்பத்தி இழப்புக்கு அப்புறம் நிர்வாகம் ஒத்துக்கொண்டது, கோரிக்கைக்கு எழுத்தில் பதில் சொல்வது. ஒரு கடிதம். இதை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம் இல்லையா?

சங்கப் பதிவு அதோடு முடியவில்லை. விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் போய், ஆறு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று டிசம்பரில் உத்தரவு வந்து, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. விண்ணப்பித்து ஏழு மாதம். எந்தப் பெயரை நிர்வாகம் ஆட்சேபித்ததோ அதே பெயரில்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

நான் பார்க்கும் பல நிர்வாகங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். சாம்சங் நிகழ்வில் தலைப்புச் செய்திகளும் 'சங்க அங்கீகாரம்' என்றே எழுதியதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம். அதன்படி ஏழு பேருக்குக் குறையாமல், அந்த நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு உறுப்பினர் இருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். 1,800 பேர் உள்ள இடத்தில் 100 பேர் போதும். சங்க விதிகள் சட்டம் சொன்னபடி இருக்கின்றனவா, விவரங்கள் சரியா என்று பதிவாளர் பார்க்க வேண்டும். பெயரைப் பற்றி அந்தச் சட்டம் சொல்வது ஒன்றுதான்: ஏற்கெனவே இருக்கும் வேறொரு சங்கத்தின் பெயர் மாதிரியே இருந்தால் மாற்றச் சொல்லலாம். நிறுவனத்தின் பெயரை வைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சாம்சங் தரப்பு வணிகச் சின்னம் என்ற வாதத்தை வைத்தது. ஆனால் வணிகச் சின்னச் சட்டம் சரக்கு விற்பனையையும் சேவையையும் பற்றியது, சங்கம் அந்தப் பெயரில் ஃபிரிட்ஜ் விற்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஆலைகளில் கம்பெனி பெயரோடு சங்கம் பல வருடமாக இருக்கிறது, அதனால் எந்தப் பொருளின் மதிப்பும் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முக்கியமானது, பதிவு என்பது தொழிலாளர்களுக்கும் பதிவாளருக்கும் இடையே நடக்கிற விஷயம். முதலாளியின் சம்மதம் அதில் தேவையே இல்லை. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவில் அடிப்படை உரிமையாக இருக்கிறது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது, அது உண்மை, ஆனால் சங்கம் அமைப்பதில் சந்தேகமே கிடையாது.

அங்கீகாரம் என்பது அடுத்த கட்டம்: இந்தச் சங்கத்தோடு நான் பேசுவேன் என்று நிர்வாகம் ஒத்துக்கொள்வது. மகாராஷ்டிரத்தில் அதற்கு 1971-ம் ஆண்டுத் தனிச் சட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இருந்ததில்லை, எண்ணிக்கையும் பலமும்தான் தீர்மானித்தன. ஆக, நிர்வாகத்துக்கு நிஜமாகவே சொல்லுரிமை இருந்த இடம் அங்கீகாரம், எந்தச் சொல்லுரிமையும் இல்லாத இடம் பதிவு. சாம்சங் நிர்வாகம் தன் பலத்தை எல்லாம் இரண்டாவதில் செலவழித்தது. பதிவு ஏழு மாதம் இழுத்ததால் சங்கம் பலவீனமாகவில்லை, சம்பள உயர்வு கேட்டு வந்தவர்கள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு இன்னும் இறுகிப் போனார்கள்.

அந்த 1926 சட்டமே சென்னையிலிருந்து பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1918-ல் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்நின்றார்கள். ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அப்போதுதான் நாடு முழுக்க ஒரு கேள்வி எழுந்தது, தொழிலாளரை ஒன்றுசேர்த்ததற்கே ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமானால் சங்கத்துக்கு என்ன பாதுகாப்பு? தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் விடாமல் கேட்டு, கடைசியில் 1926 சட்டம் வந்தது. அதே உயர்நீதிமன்றத்துக்கு நூறு வருடம் கழித்து அதே சட்டத்தின் கீழ் ஒரு பதிவு விண்ணப்பம் போய் நின்றது.

சம்பளம் நன்றாகத்தானே கொடுத்தோம்?

இந்தப் பகுதியில் இதே வேலை செய்பவர்களைவிட எங்கள் தொழிலாளர்கள் சராசரியாக 1.8 மடங்கு வாங்குகிறார்கள் என்று சாம்சங் சொன்னது. அந்தக் கணக்கை நான் மறுக்கப் போவதில்லை. அது சரியாகவே இருந்தாலும் சங்கம் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. இடைவெளி இல்லாமல் நான்கைந்து மணி நேரம் லைனில் நிற்க வேண்டியிருக்கிறது, மேலே இருப்பவர்கள் பேசும் விதம் சரியில்லை என்று தொழிலாளர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். பேருந்தில் 5 வழித்தடம் மட்டும் குளிர்சாதனம் என்பது 108 ஆக்க முடிகிற ஒன்று என்றால், அது ஏன் பந்தல் போட்டு ஒரு மாதம் ஆனபிறகு நடந்தது?

பல வருடம் முன்னால் நான் எச்.ஆர். பிரிவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் சங்கம் வந்தபோது எங்கள் கையில் வந்த கோரிக்கை மனுவில் முப்பதுக்கும் மேல் கோரிக்கை. சம்பளம் பட்டியலில் கீழே இருந்தது. முதலாவது, மூன்றாம் ஷிப்ட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் டீ. கேன்டீனிலிருந்து கேனில் அடைத்துத் தள்ளுவண்டியில் கடைசி லைனுக்கு வரும்போது ஆறிப் போயிருக்கும், ஆடை கட்டியிருக்கும், சில நாள் அளவும் போதாது. இதை எட்டு மாதமாக சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் மேசைக்கு ஒரு தடவைகூட வரவில்லை. மனுவைப் படித்த அன்று ராத்திரி நான் போய் அந்த டீயைக் குடித்துப் பார்த்தேன். அன்றைக்குப் புரிந்தது எங்களுக்குச் செய்தி வரும் வழி எங்கேயோ அடைத்திருக்கிறது என்று. அந்த அடைப்பைச் சங்கம் உண்டாக்கவில்லை, அது இருந்ததால்தான் சங்கம் வந்தது.

அங்கே எங்கள் நிர்வாகமும் ஒரு குழு அமைத்தது. மேனேஜருக்கு வேண்டியவர்களாகப் பார்த்து ஏழு பேர். ஒரு மாதம் போவதற்குள் கேன்டீனில் அந்த ஏழு பேரும் தனி மேசையில் சாப்பிட்டார்கள், வேறு யாரும் அவர்கள் பக்கத்தில் தட்டை வைக்கவில்லை. அந்த ஏழு பேருக்கு நாங்கள் செய்தது பெரிய துரோகம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பணிக்குழு அமைக்க அரசு உத்தரவிடலாம், ஆனால் அந்தக் குழு சங்கத்துக்கு மாற்று இல்லை, பணி நிபந்தனைகளில் பெரிய மாற்றங்களை முடிவு செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1960-ல் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் சொல்லியிருக்கிறது. தண்ணீர், கழிப்பறை, கேன்டீன், பாதுகாப்பு மாதிரி விஷயங்களுக்குக் குழு நல்ல வழி, நான் எல்லா இடத்திலும் வலியுறுத்துவேன். சங்கத்தைத் தாண்டிப் போவதற்கு அதைப் பயன்படுத்தினால் பிரச்சினைதான். நிர்வாகமே ஆதரவு கொடுத்து ஒரு சங்கத்தை உருவாக்குவது இன்னும் ஒருபடி மேலே போய், சட்டம் தடைசெய்யும் 'நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறை' என்ற பட்டியலில் விழும்.

ஒப்பந்தம் போடும்போது கவனிக்க இன்னொன்று. நம் ஊரில் '12(3) போட்டாச்சா, 18(1)-ஆ?' என்று கேட்பது வழக்கம், இரண்டும் 1947 தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், நாளைக்குச் சேரப் போகிறவர்களையும்கூடக் கட்டுப்படுத்தும். தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். வெளியே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருக்கும் சிலரோடு போடும் தனி ஒப்பந்தத்தால் அமைதி வராததற்குச் சட்டக் காரணமும் இதுதான்.

பதிவுக்குப் பின்னும் ஒரு சறுக்கல்

2025 ஜனவரியில் சங்கம் பதிவாகிவிட்டது, இனி உட்கார்ந்து பேச வேண்டியதுதான் என்று நினைத்தேன். பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூன்று பேரை சாம்சங் பணியிடை நீக்கம் செய்தது. உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியது, இடைநீக்கப் பட்டியலும் இருபதுக்கு மேல் போனது, சுமூகமாக ஒரு மாதம் பிடித்தது.

ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தவறு நடந்தால் சார்ஜ் ஷீட் கொடுங்கள், உள்விசாரணை நடத்துங்கள். ஆனால் நேரம் பார்க்க வேண்டும். சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, அதோடு தொடர்புள்ள விஷயத்தில் பணி நிபந்தனையை மாற்றுவதற்கும் வேலையை விட்டு அனுப்புவதற்கும் தடை உண்டு. இடைநீக்கம் என்பது தண்டனை இல்லை, ஆகவே பிழைப்பூதியம் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்குமேல் போனால் முழுச் சம்பளம். விசாரணையை இழுத்தடித்துவிட்டு முழுச் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைத்திருக்கும் நிறுவனங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இதையே இன்னும் இறுக்கி, இடைநீக்க நாளிலிருந்து 90 நாளுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது.

மே மாதத்தில் ஒருவழியாக, தொழிலாளர் துறை அமைச்சர் சி.வெ.கணேசன் முன்னிலையில் மூன்று வருட ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது: முதல் வருடம் மாதம் 9,000 ரூபாய், அடுத்த இரண்டு வருடமும் 4,500 வீதம் உயர்வு. கொடுக்க முடிகிற தொகைதான் என்று தெரிகிறது, கொடுத்துவிட்டார்கள். தென்கொரியாவில் இதே நிறுவனம் பல பத்தாண்டுகள் சங்கமே கூடாது என்ற கொள்கையோடு இருந்து, 2020 மே மாதம் அதன் அப்போதைய துணைத் தலைவர் லீ ஜே-யோங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு அதைக் கைவிடுவதாக அறிவித்தார். தலைமையகம் நான்கு வருடம் முன்பே விட்ட கொள்கை சுங்குவார்சத்திரத்து எச்.ஆர். அறைக்கு வந்து சேரவில்லை. பன்னாட்டு நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கிறது, மேலே அறிக்கை மாறும், கீழே சூப்பர்வைசரின் பயிற்சிக் கையேடு மாறாது.

இன்றைய சட்டத்தில் இதே நடந்தால்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1926 சட்டமும் 1947 தொழில் தகராறு சட்டமும் தொழில் உறவுகள் தொகுப்புக்குள் வந்துவிட்டன. பதிவுக்கான 10 சதவீதம் அல்லது 100 பேர் என்ற அளவு அப்படியே இருக்கிறது, அதில் எந்த நிர்வாகமும் நிம்மதி தேட வேண்டாம்.

மாறியது மூன்று இடத்தில். ஒன்று, அங்கீகாரம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. நிறுவனத்தில் ஒரே சங்கம் இருந்தால் விதிகளில் சொல்லும் நிபந்தனைப்படி அதைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக நிர்வாகம் ஏற்க வேண்டும். பல சங்கம் இருந்தால் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம். யாருக்கும் 51 இல்லை என்றால் 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் ஒரு மன்றம். 'பேசுவதா வேண்டாமா' என்பது இனி நிர்வாகத்தின் விருப்பம் இல்லை.

இரண்டாவது, வேலைநிறுத்த நோட்டீஸ். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். இதைக் கேட்டதும் பல முதலாளிகளுக்கு முகம் மலர்கிறது. எனக்கு அந்த மகிழ்ச்சி புரியவில்லை. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று ஆயிரம் பேர் மேல் வழக்குப் போட்டால் மறுநாள் லைனை யார் ஓட்டுவது? அந்த 14 நாளை உட்கார்ந்து பேசக் கிடைத்த நேரமாக எடுத்துக்கொண்டால்தான் அந்தப் பிரிவுக்கே அர்த்தம். நிர்வாகமே ஆலையைப் பூட்டும் லாக் அவுட்டுக்கும் இதே 14 நாள் விதி இருக்கிறது, சட்டவிரோத லாக் அவுட்டுக்கு அபராதம் 50,000-லிருந்து 1 லட்சம் வரை, சிறையும் உண்டு. நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறைக்கு 2 லட்சம் வரை.

மூன்றாவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 20 தொழிலாளர் இருந்தாலே குறைதீர்க் குழு வேண்டும், இரண்டு தரப்புக்கும் சம எண்ணிக்கை, பெண்கள் எந்த விகிதத்தில் வேலை செய்கிறார்களோ அதற்குக் குறையாமல் குழுவில் இடம், 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். ஆறிப்போன டீ எட்டு மாதம் சுற்றாமல் ஒரு மாதத்தில் மேசைக்கு வருவதற்கான வழி இது. காகிதத்தில் குழு வைத்து ஆய்வாளர் வரும்போது மட்டும் காட்டுகிறவர்கள் அந்த வழியைத் தாங்களே அடைக்கிறார்கள்.

அந்த ராத்திரி கூப்பிட்டவருக்கு நான் சொன்னது: பதிவாளருக்கு ஆட்சேபக் கடிதம் எழுதாதீர்கள், அந்த வேகத்தில் கோரிக்கை மனுவுக்குப் பதில் எழுதுங்கள், முடியாததை முடியாது என்றே எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். சூப்பர்வைசர்களைக் கூட்டி, சங்கத்தில் சேர்ந்தாயா என்று ஒருவரைக்கூடக் கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள். கோரிக்கைகளில் பணம் சம்பந்தப்படாதவற்றைத் தனியாகப் பிரித்து இந்த வாரமே செய்யத் தொடங்குங்கள். அவர் நாலு நாளில் பதில் எழுதினார். பேச்சு மூன்று மாதம் நடந்தது, நடுவில் இரண்டு தடவை முறிந்தது, வேலை நிற்கவில்லை. சங்கம் இன்றும் அவருடைய கம்பெனி பெயரில்தான் இருக்கிறது.

சாம்சங்கின் மூன்று வருட ஒப்பந்தம் 2028 மார்ச்சில் முடிகிறது. அடுத்த சுற்றுப் பேச்சு புதிய தொகுப்பின் கீழ் நடக்கும், வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்து எந்தச் சங்கத்துக்கு 51 சதவீதம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிவரும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இருக்கும் மற்ற ஆலைகளின் எச்.ஆர். மேசைகளுக்கு அதே எண்ணிக்கை அதற்கு முன்பே வந்துவிடலாம்.